தலைக்கு மேலே ஒரு கூட்ஸ் வண்டி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், துணி காயப்போடும் கம்பிக்கு அடியில் ஒரு பழைய மர ஸ்டூல் கிடக்கும். அதை யாரும் எடுக்கக்கூடாது என்பது என் உத்தரவு. வானத்தில் கனமான சத்தம் கேட்டால் போதும், கையில் இருப்பது காபி டம்ளரோ, செய்தித்தாளோ, அப்படியே வைத்துவிட்டு மாடிப்படி ஏறிவிடுவேன். "உங்க கூட்ஸ் வண்டி வந்துடுச்சு, போங்க!" என்பாள் என் மனைவி. முழங்கால் இரண்டும் தேய்ந்து போய்விட்டன, டாக்டர் படி ஏறாதே என்கிறார். அறுபத்தேழு வயதில் அண்ணாந்து விமானம் பார்க்கும் கிழவனை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கின்றன. என்ன செய்வது? சிலருக்குச் சீட்டாட்டம், சிலருக்குக் கிரிக்கெட். எனக்கு இது.

ஜோகுபாளையத்தை அறியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அல்சூர் ஏரிக்கும் இந்திரா நகருக்கும் இடையே நெருக்கமான தெருக்களோடு கிடக்கும் பழைய பேட்டை இது. எச்.ஏ.எல். விமான நிலையத்தின் ஓடுபாதை எங்களுக்குத் தென்கிழக்கே, சில கிலோமீட்டர் தள்ளி, கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. மேற்கிலிருந்து இறங்க வரும் விமானம் தோமலூர்ப் பக்கம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு தாழப் போகும். மாடியிலிருந்து அதன் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். வட்டமடித்து வருபவைதாம் நேராக எங்கள் தலைக்கு மேலே வரும். வயிறு முழுவதும் தெரியும். அதுதான் எனக்குத் திருநாள்.

சண்டை விமானங்கள் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் கிடையாது. சீறிக்கொண்டு போகும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் காணாமல் போகும். ஆளும் சாமானும் ஏற்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க மெல்லப் போகும் பெரிய ராணுவ விமானங்களே என் பைத்தியம். இருப்புப்பாதையில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தவனுக்குச் சுமை தூக்குகிறவன் மேல் மரியாதை இருப்பதில் வியப்பில்லை.

அப்பாவின் லிபரேட்டர்

என் தாத்தா வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி இங்கே வந்தவர். அப்பா 1948-ல், இருபது வயதில், இந்துஸ்தான் ஏர்கிராப்ட் தொழிற்சாலையில் ரிவெட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு 1940 டிசம்பரில் தொடங்கிய தொழிற்சாலை அது. உலகப்போர்க் காலத்தில் 1943-லிருந்து அமெரிக்க ராணுவம் அதை எடுத்துக்கொண்டு, தன் விமானங்களைப் பழுது பார்த்தது. நம் அல்சூர், ஜோகுபாளையம், முருகேஷ்பாளையம் ஆட்களில் எத்தனையோ பேர் விமானத்தின் எலும்பும் தோலும் எப்படி இருக்கும் என்று கற்றுக்கொண்டது அங்கேதான்.

அப்பா சேர்ந்த சமயம் நல்ல சமயம். போர் முடிந்து பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பும்போது, நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போனார்கள். யாருக்கும் பயன்படக்கூடாது என்று அவற்றை நாசமாக்கிவிட்டே போனார்கள். புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூடக் கிடையாது. அந்தக் குப்பைமேட்டிலிருந்து தேறக்கூடியதைத் தேற்றி, ஒட்டுப் போட்டுப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள் எச்.ஏ.எல். ஆட்கள். கம்பெனியின் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு பெங்களூர் வந்து சேர்த்தார். இங்கே முழுதாகப் பிரித்து மேய்ந்து புதுப்பித்தார்கள். இப்படி நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள்! 1948 நவம்பரில் விமானப்படையின் ஐந்தாம் படைப்பிரிவு இந்த லிபரேட்டர்களைக் கொண்டே அமைந்தது.

"ஒவ்வொண்ணுலயும் குண்டு பட்ட ஓட்டை இருக்கும்டா. நாங்க தகடு வெச்சுத் தச்சோம்" என்பார் அப்பா. ரிவெட் அடிப்பதை அவர் தையல் என்றுதான் சொல்வார். குண்டு பட்ட ஓட்டையா, கடப்பாரை பட்ட ஓட்டையா என்று பிற்காலத்தில் எனக்குச் சந்தேகம் வந்ததுண்டு. கேட்கவில்லை.

நான் என் வாழ்க்கையில் கவனித்துப் பார்த்த முதல் பெரிய விமானம் லிபரேட்டர். எனக்கு எட்டு வயது இருக்கும். அப்பா வேலை முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறார், நான் தெருமுனையில் நிற்கிறேன். வீட்டு ஓடுகள் நடுங்கின. அப்பா சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, அண்ணாந்து பார்த்தார். அது மறையும்வரை பெடலை மிதிக்கவில்லை. "அது என் கை பட்டதா இருக்கும்" என்றார், என்னைப் பார்த்து அல்ல, வானத்தைப் பார்த்து. அன்று பிடித்த பைத்தியம்.

1968-ல் லிபரேட்டர்களுக்கு ஓய்வு கொடுத்தார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் எல்லாம் அவை எப்போதோ பழைய இரும்பாகிவிட்டதால், வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் நம்மிடம் வந்து கேட்டு வாங்கிப்போயின. 1974-ல் ஒன்று இங்கிலாந்துக்குப் பறந்தே போயிற்று. விட்டுச் சென்றவனுக்கே நாம் தைத்துக் கொடுத்திருக்கிறோம்!

அப்பா அதற்கு முன்பே வேறு பகுதிக்கு மாறிவிட்டார். எச்.ஏ.எல். அந்த நாளிலேயே ரயில் பெட்டிகளும் கட்டிக்கொண்டிருந்தது என்பது பலருக்கு மறந்துபோன செய்தி. அந்தப் பிரிவுதான் 1964-ல் உருவான பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்திடம் போயிற்று. விமானத்துக்குத் தகடு தைத்த கை ரயில் பெட்டிக்குத் தகடு தைத்தது. மகன் டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது, "நான் பெட்டி கட்டுனேன், நீ பாதை போடு" என்றார்.

ஏன் மயிர்க்கூச்செறிகிறது?

பெரிய விமானம் தலைக்கு மேலே போகும்போது உடம்பு ஏன் சிலிர்க்கிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதல் காரணம், அது போகிற வேகம் நம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிவது. மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் விமானம் ஒரு விநாடிக்குச் சுமார் எழுபது மீட்டர் கடக்கிறது. பதினைந்து மீட்டர் நீளமுள்ள சண்டை விமானம் தன் உடல் நீளத்தை விநாடியில் ஐந்தில் ஒரு பங்கில் தாண்டிவிடும். ஐம்பது மீட்டர் நீளமுள்ளதற்கு முக்கால் விநாடி ஆகும். வேகம் ஒன்றே; ஆனால் நம் கண் நீளத்தை வைத்தே வேகத்தை அளக்கிறது. பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். தனி எஞ்சின் ஓடுவதுபோல் தெரியும்; அதே வேகத்தில் வரும் ஐம்பது வேகன் கூட்ஸ் வண்டி ஊர்வதுபோல் தெரியும். வானத்தில் அந்த ஊர்தலைப் பார்க்கும்போது, 'இவ்வளவு மெதுவாகப் போனால் விழுந்துவிடுமே!' என்று மனம் பதைக்கிறது. விழவில்லை என்று அறிவு சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிலிர்ப்பு.

அடுத்தது சத்தம். உந்துவிசிறி வைத்த பெரிய விமானங்களின் ஓசை தாழ்ந்த ஓசை. அது காதில் கேட்பதற்கு முன் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். சமையலறையில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுக்கும். இரண்டு எஞ்சின்களின் சுழற்சி இம்மியளவு வேறுபட்டால் ஓசை ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். தம்புராவைச் சுருதி கூட்டும்போது கேட்குமே, அந்த அலை. ஏ.என்.-32 விமானத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன்.

மூன்றாவது எடை. இதுதான் என் தொழில் சம்பந்தப்பட்டது. எங்களுக்கு எதைப் பார்த்தாலும் அச்சுக்கு எத்தனை டன் என்றுதான் தோன்றும். அப்பாவின் லிபரேட்டர் முழுச் சுமையோடு முப்பது டன்னை ஒட்டி வரும், நம் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி காலியாக நிற்கும்போதே அதைவிடக் கனம். ஏ.என்.-32 முழுதாக 27 டன். 1985-ல் வந்த ஐ.எல்.-76, நம் விமானப்படை 'கஜராஜ்' என்று பெயர் வைத்தது, இருபது சக்கரங்கள் கொண்ட ஜெட். 2013-ல் விமானப்படையில் சேர்ந்த சி-17 புறப்படும்போது 265 டன் வரை இருக்கலாம். பழைய டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சின் ஒன்று 112 டன்னுக்கு மேல். அதில் இரண்டைச் சேர்த்துக் கட்டினாலும் இந்த எடை வராது. நிலக்கரி ஏற்றிய ஒரு பாக்ஸ்-என் வேகன், வண்டியும் சரக்குமாக 81 டன். சி-17 தூக்கக்கூடியது 77 டன். கிட்டத்தட்ட ஒரு முழு வேகனை வயிற்றில் வைத்துக்கொண்டு அது தோமலூர் மேலே போகிறது. அந்த எடைக்கு நாங்கள் தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி, அதற்குக் கீழே கெட்டித்த மண் என்று எத்தனை அடுக்கு வைப்போம்! அதற்கு அடியில் வெறும் காற்று.

இத்தனை கணக்கும் சரி. ஆனால் அதே சத்தம் இன்னொருவர் நெஞ்சுக்கூட்டில் வேறு மாதிரி கேட்கும் என்று இருபத்தொன்பது வயதுவரை எனக்குத் தெரியாது.

மாடி வீட்டு அக்கா

1987 மே மாதத் தொடக்கத்தில் எங்கள் மாடிப் போர்ஷனுக்கு ஒரு குடும்பம் குடி வந்தது. பருத்தித்துறைக்காரர்கள். கணவர் முன்பே வந்து இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மனைவி பள்ளி ஆசிரியை. ஐந்து வயது மகனோடு இரவில் வள்ளம் ஏறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் தம்பி என்பார்.

வந்த இரண்டாம் நாள் என்று நினைவு. ஞாயிற்றுக்கிழமை. நான் வழக்கம்போல மாடியில் ஸ்டூலில் இருக்கிறேன். சன்னமான விசில் சத்தம் கேட்டது. ஆவ்ரோ. நம் எச்.ஏ.எல். கான்பூரில் கட்டிய இரட்டை எஞ்சின் விமானம்; அதன் ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சினுக்கு அப்படி ஒரு கீச்சுக் குரல் உண்டு. நான் ஆர்வத்தோடு எழுந்து, மாடிப் போர்ஷன் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பையனிடம் காட்டலாம் என்று திரும்பினேன். பையனைக் காணோம். உள்ளே பார்த்தால், அக்கா அவனை இழுத்து அணைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறார். அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.

சத்தம் போனபின் வெளியே வந்தார். முகத்தில் வெட்கம். "குறை நினைக்காதேங்கோ தம்பி. இஞ்ச ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். கால் தானா ஓடுது, நான் என்ன செய்ய?" என்றார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "உது ஆவ்ரோதானே?"

பயணிகளை ஏற்றிச் செல்லக் கட்டிய அந்த ஆவ்ரோவை இலங்கை விமானப்படை அந்த வருடங்களில் குண்டு போடப் பயன்படுத்தியது. அங்கே அதற்குப் பெயர் 'பொம்மர்'. என் காதுக்குக் கீச்சுக் குரலாக, கொஞ்சம் வேடிக்கையாகவே கேட்ட அந்த விசில், அவர்கள் ஊரில் பதுங்குகுழிக்கு ஓடச் சொல்லும் மணி. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விமான ஓசையை இனங்காணச் சொல்லிக் கொடுத்தாராம். நானும் விமானச் சத்தம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன்தான்.

அந்த மாதம் 26-ஆம் தேதி வடமராட்சியில் பெரும் ராணுவத் தாக்குதல் தொடங்கியது. அக்காவின் தாயார் யாழ்ப்பாணத்தில் தங்கையோடு இருந்தார். கடிதம் இல்லை. இரவானால் எங்கள் வீட்டு ரேடியோவைச் சுற்றி இரண்டு குடும்பமும் உட்காரும், பி.பி.சி. தமிழோசை கரகரவென்று வரும். யாரும் பேச மாட்டோம்.

ஜூன் 3-ஆம் தேதி, செஞ்சிலுவைக் கொடியோடு ராமேஸ்வரத்திலிருந்து சுமார் இருபது படகுகள் உணவுப் பொருட்களை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் புறப்பட்டன. இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் ஜூன் 4. ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் இங்கே, நம் பெங்களூரிலிருந்து, அரிசியும் பருப்பும் மற்ற சாமான்களும் ஏற்றிக்கொண்டு, மிராஜ்-2000 போர் விமானங்கள் காவல் வர, யாழ்ப்பாணம் போய்ப் பாராசூட்டில் போட்டுவிட்டு வந்தன. நடவடிக்கைக்குப் பெயர் 'பூமாலை'. பெயர் வைத்தவர் யாரோ, தமிழ் தெரிந்தவர் போலும். சரக்கு மொத்தம் சுமார் 25 டன். எங்கள் கணக்கில் அரை வேகன்கூட இல்லை. உலகமே அதைப் பற்றிப் பேசியது.

கூத்து என்னவென்றால், ஆண்டு முழுவதும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் அன்று பார்க்கவில்லை. பங்காருப்பேட்டைப் பக்கம் லைனில் இருந்தேன். இரவு வீட்டுக்கு வந்தபோது அம்மா சொன்னார்: மத்தியானத்துக்கு மேல் கனமாகச் சத்தம் வந்ததாம், ஒன்றன் பின் ஒன்றாக. எத்தனை என்று எண்ணவில்லை. அக்கா பையனை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாராம், அரைமணி நேரம் வெளியே வரவில்லையாம். அவை அந்த ஐந்துதானா, வேறு ஏதாவதா, யார் கண்டார்கள்? ரேடியோவில் செய்தி வந்ததும் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "அதுவோ தம்பி? அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனதுக்கோ நான் கட்டிலுக்குக் கீழ ஒளிச்சன்?" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்து யார் கைவழியாகவோ தாயாரின் கடிதம் வந்தது. அங்கேயும் அதே கதைதான். சத்தம் கேட்டதும் எல்லோரும் பதுங்குகுழிக்குள். ஏதோ விழுவது தெரிந்து, இன்னும் வெடிக்கவில்லையே என்று காத்திருந்து, பிறகு ஒரு பையன் தலையை நீட்டிப் பார்த்து, "குடை! குடை!" என்று கத்தினானாம். தாயாருக்குச் சாமான் ஒன்றும் கைக்கு வரவில்லை. ஆனால் வானத்திலிருந்து விழுந்த ஒன்று வெடிக்காமல் போனதை எழுபது வயதுக் கிழவி நாலு பக்கம் எழுதியிருந்தார்.

ஜூலை 29-ல் ஒப்பந்தம், அமைதிப்படை, அதே விமானங்களில் பலாலிக்குப் படைவீரர்கள். அக்டோபரில் அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டு யாழ்ப்பாணமே போர்க்களமாயிற்று. மறுபடியும் கடிதம் நின்றது, இந்தமுறை ஆறு மாதம். அந்த ஆறு மாதமும் தென்திசையில் கனமான சத்தம் கேட்டால் நான் மாடி ஏறவில்லை. அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. 1989-ல் அவர்கள் கனடா போனார்கள். தாயாரும் பிற்பாடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கடிதம் வந்தது. நான் மீண்டும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். பைத்தியம் அவ்வளவு எளிதில் தெளிவதில்லை.

அரக்கோணத்து ராட்சசன்

தொண்ணூறுகளில் சில வருடம் அரக்கோணம் பக்கம் எனக்கு வேலை. 1992 மார்ச்சில் அங்கே கடற்படையின் ராஜாளி விமானத் தளம் திறந்தார்கள். ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். கோவாவில் இருந்த டி.யு.-142 விமானங்கள் அங்கே வந்தன. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் ரஷ்ய விமானம். இறக்கை நுனிக்கு நுனி ஐம்பது மீட்டர். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உந்துவிசிறிகள், ஆக எட்டு. என் அனுபவத்தில் அதைப்போல் ஒரு சத்தம் கேட்டதில்லை. காற்றையே ரம்பம் போட்டு அறுப்பதுபோல் இருக்கும். முதன்முதல் கேட்ட அன்று எங்கள் கேங்மேன்கள் பீட்டரைக் கீழே போட்டுவிட்டு நின்றார்கள்.

ஒரு நாள் காலை. கேங் வேலை நடக்கிறது, ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். ராட்சசன் தாழ வந்தான். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலதிகாரியே பார்க்கும்போது மற்றவர்கள் பார்க்கமாட்டார்களா? கொடியும் விசிலுமாக வண்டியைக் கவனிக்க நிறுத்திவைத்த லுக்-அவுட் ஆளும் பார்த்தான். அந்தச் சத்தத்தில் மின்சார ரயிலின் ஹாரன் எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. கேங் மேட் ஒருவர்தான், வயதானவர், தண்டவாளம் அதிர்வதைக் காலில் உணர்ந்து கத்திக்கொண்டே ஓடிவந்து, கடைசியில் குனிந்திருந்த பையனைச் சட்டையைப் பிடித்து இழுத்தார். வண்டி போயிற்று. பையனின் ஒரு செருப்பு மட்டும் அந்தப் பக்கம் கிடந்தது.

தவறு முழுக்க என்னுடையது. ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு புது ஆளுக்கும் இதைச் சொல்லித்தான் வேலை கொடுப்பேன்: மேலே சத்தம் கேட்டால் லைனைப் பார். அந்த மேட் அன்று என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மாலையில் டீ குடிக்கும்போது, "ஐயா, பிளேன் பார்க்கணும்னா ரெஸ்ட் நாள்ல பாருங்க" என்றார். அவ்வளவுதான்.

டி.யு.-142 விமானங்கள் 2017 மார்ச்சில் ஓய்வு பெற்றன. ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பேரனோடு போய் உள்ளே ஏறிப் பார்த்தேன். சத்தமில்லாமல் அது வேறு யாரோபோல் இருந்தது.

அதே அரக்கோணத்தோடு இன்னொரு விமானமும் என் மனத்தில் ஒட்டிக்கிடக்கிறது. முதுகில் பெரிய வட்டத்தட்டு வைத்த ஆவ்ரோ. ஜோகுபாளையத்துப் பிள்ளைகள் அதை இட்லித்தட்டு பிளேன் என்பார்கள். பெங்களூரில் உள்ள வான்வழி அமைப்புகள் மையத்தின் விஞ்ஞானிகள், வானத்திலிருந்தே தொலைதூரம் கண்காணிக்கும் ரேடாருக்காகச் செய்த சோதனை விமானம். 1990-லிருந்து அது எங்கள் வானத்தில் அடிக்கடி தென்பட்டது. 1999-ல் நான் மாற்றலாகி வந்துவிட்டேன். அந்த வருடம் ஜனவரி 11-ஆம் தேதி, அரக்கோணத்தில் தரையிறங்க நெருங்கும் வேளையில், அது விழுந்து நொறுங்கியது. நான்கு விஞ்ஞானிகள், நான்கு விமானப்படையினர், எட்டுப் பேரும் மாண்டார்கள். திட்டமே நின்றுபோயிற்று. பிறகு மறுபடி எழுந்து, பிரேசில் நாட்டு விமானத்தில் ரேடாரைப் பொருத்தி, 2017-ல் 'நேத்ரா' என்ற பெயரில் விமானப்படையில் சேர்ந்தது. கீழேயிருந்து நாங்கள் இட்லித்தட்டு என்று சிரித்தபோது, மேலே உள்ளே உட்கார்ந்து அந்த எட்டுப் பேரும் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஏ.என்.-32 இப்போதும் யெலஹங்காவிலிருந்து எங்கள் பக்கம் வரும். 2016 ஜூலை 22-ஆம் தேதி தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன ஒன்று, 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போயிற்று. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில், சென்னைக் கரையிலிருந்து 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைக் கண்டதாக அறிவித்தார்கள். செய்தி படித்த அன்று தலைக்கு மேலே ஒன்று போயிற்று. உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். டன் கணக்கு அன்று நினைவுக்கு வரவில்லை.

2008 மே மாதம் பயணிகள் விமானம் எல்லாம் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. தெருவில் எல்லோரும் நிம்மதி என்றார்கள். எனக்கும் ஒரு வகையில் நல்லதாயிற்று. பொரிகடலைபோல் நிமிடத்துக்கொன்று வராமல், வருவது வந்தால் என்னுடையதாக வருகிறது.

2018-ல், டிசம்பர் மாதம், அக்கா டொராண்டோவிலிருந்து வந்தார். முப்பது வருடத்துக்குப் பிறகு. அந்தக் கட்டிலுக்கு அடியில் கிடந்த பையன் அங்கே டாக்டர். ஊர் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்கினார். டொராண்டோவில் வருடாவருடம் செப்டம்பரில் ஏரிக்கரையில் விமானச் சாகசம் நடக்குமாம்; பேரப்பிள்ளைகள் போவார்கள், அவர் மட்டும் அந்த மூன்று நாளும் வீட்டு நிலவறையில் தையல் மிஷினோடு உட்கார்ந்துவிடுவாராம். "மகனும் போறவன். அவனுக்கு ஒண்டும் நினைவில்லை" என்றார்.

மறுநாள் காலை மொட்டை மாடியில் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஸ்டூலில். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது, கீழே ஆட்டோ சத்தம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் மெல்லிய ஓசை காதில் விழுவது குறைவு.

அக்காவின் கை நின்றது. தலை நிமிரவில்லை.

"தம்பி, ஆவ்ரோ" என்றார்.

நான் எழுந்து பார்த்தேன். வடக்கே, ஏரிக்கு மேலே, சின்னதாக, ஆவ்ரோதான். அது எங்களைத் தாண்டித் தோமலூர்ப் பக்கம் திரும்பும்வரை அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை, எழுந்து உள்ளே போகவும் இல்லை. பிறகு, "போட்டுதோ?" என்று கேட்டார். "போயிடுச்சுக்கா" என்றேன். அடுத்த வெண்டைக்காயை எடுத்தார்.